பழைய ஷாக், புதிய ஆட்டம்: என்பிஏ 2கே23 மதிப்புரை

விஷுவல் கான்செப்ட்ஸ் உருவாக்கி, 2கே நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட என்பிஏ 2கே23 காணொளி விளையாட்டை நான் வாங்கியது ஒரே ஒரு கேள்விக்காகத்தான். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 1990-களிலும் 2000-களிலும் ஆடிய மாபெரும் வீரர் ஷாகில் ஓ'நீல், சுருக்கமாக ஷாக், தன் உச்சக்கட்ட உடம்போடும் வேகத்தோடும் இன்றைய களத்தில் இறங்கினால் என்ன நடக்கும்? கூடைப்பந்து பார்ப்பவர்கள் இருவர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. அவரைத் தாங்கி நிற்கும் சரீரம் இன்று எவருக்கும் இல்லை, ஆட்டத்துக்கு 40 புள்ளிகள் எடுப்பார் என்று ஒரு கட்சி சொல்லும். த்ரீ பாயிண்ட், அதாவது தொலைவில் உள்ள வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுக்கும் வீச்சு, தெரியாத சென்டரை (வளையத்தருகே ஆடும் உயரமான வீரரை) இன்று பெஞ்சில்தான் உட்கார வைப்பார்கள் என்று எதிர்க்கட்சி சொல்லும். வாய்ப்பேச்சில் தீராத இந்த வழக்கைக் களத்தில் வைத்துப் பார்க்க வழி தருகிற பொருள் என்ற ஒரே கோணத்தில்தான் இதை இங்கே மதிப்பிடுகிறேன். ஆன்லைன் போட்டிகள், வீரர் அட்டைகள் சேர்க்கும் பகுதி ஆகியவற்றைப் பற்றி இதில் எதுவும் எழுதப்போவதில்லை.

இந்தக் கேள்விக்கு விளையாட்டுக்குள் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதலாவது மிக எளியது: ‘ப்ளே நவ்’ பகுதிக்குப் போய், 2000-01 லேக்கர்ஸ் அணியை ஒரு பக்கமும், 2022-23 டென்வர் நக்கட்ஸ் அணியை மறுபக்கமும் நிறுத்தி நேராக ஆடத் தொடங்கிவிடலாம். இரண்டாவது, அந்த ஆண்டுப் பதிப்பில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ‘மைஎன்பிஏ ஈராஸ்’. 1983, 1991, 2002, நிகழ்காலம் என்று நான்கு தொடக்கப் புள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து சீசன் சீசனாக லீக்கை முன்னோக்கி நடத்திச் செல்லும் பகுதி இது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மற்றும் எஸ் ஆகியவற்றில் மட்டுமே இது உண்டு என்பதை வாங்குமுன் கவனித்துக்கொள்ள வேண்டும். பின்வந்த பதிப்புகளில் லெப்ரான் ஜேம்ஸ் காலமும் ஸ்டெஃப் கர்ரி காலமும் தொடக்கப் புள்ளிகளாகச் சேர்ந்தன. ஆனாலும் நான் இன்னும் இந்தப் பதிப்பிலேயே இருக்கிறேன், காரணம் அந்த டென்வர் அணி. அந்த சீசனின் முடிவில் கோப்பையை வென்றது அதுதான். அதன் நடுவில் நிற்கும் நிகோலா யோகிச், ஷாக்குக்கு இக்காலம் வைக்கக்கூடிய மிகக் கடினமான தேர்வு.

முதல் ஆட்டத்திலேயே ஒன்று தெளிவாகத் தெரிந்தது. லேக்கர்ஸின் கோபி பிரையன்ட் பந்தை வளையத்தருகே உள்ள இடப்பக்கப் போஸ்ட்டுக்குள் இறக்குகிறார். ஷாக் முதுகை யோகிச் மேல் சாய்த்து, ஒருமுறை பந்தைத் தட்டி, தோளால் இடம் பிடித்து, அடிக்கோட்டுப் பக்கம் காலைத் திருப்பி வைக்கிறார். அவ்வளவுதான், வளையம் அதிர்கிறது. யோகிச்சும் லேசான ஆள் அல்ல. ஆனால் 7 அடி 1 அங்குல உயரமும் 147 கிலோ எடையும் கொண்ட ஒருவர், அந்த எடைக்குப் பொருந்தாத வேகத்தில் திரும்பும்போது பின்னால் நிற்பவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. விளையாட்டு இந்த மோதலைக் காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. தடுப்பவரின் கால் அரை அடி பின்வாங்குவது, முழங்கை விலாவில் பதிவது, பந்து ஷாக்கின் உள்ளங்கையில் ஆரஞ்சுப் பழம்போல் சிறுத்துத் தெரிவது எல்லாம் அவரை நேரலையில் பார்த்தவர்களுக்குப் பழக்கமான காட்சிகள். 1993-ல் ஒரே சீசனில் இரண்டு முறை வளையக் கட்டமைப்பையே சாய்த்துப் போட்டவர் அவர். அந்த எடையை ஒரு திரையில் உணர வைப்பது சாதாரண வேலை அல்ல.

எதிர்க்கட்சியினர் இங்கே ஒரு வாதத்தைக் கொண்டுவருவார்கள். 2001-02 சீசன் முதல் என்பிஏ ஸோன் தடுப்பை, அதாவது ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் முறையை, அனுமதித்துவிட்டது. அதற்கு முன் பந்தில்லாத பக்கத்துத் தடுப்பாளர் சும்மா வந்து ஷாக்கின் அருகே மிதந்துகொண்டிருக்க முடியாது, இன்று முடியும், ஆகவே அவருக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக நின்று பந்தே வராமல் செய்துவிடலாம் என்பார்கள். விதி மாறியது உண்மைதான். ஆனால் விதி மாறிய அதே சீசனில் ஷாக் ஆடிக்கொண்டுதான் இருந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். 2000-01-ல் ஆட்டத்துக்கு 28.7 புள்ளிகள் எடுத்தவர், மாறிய விதியின் கீழ் 2001-02-ல் 27.2 எடுத்தார், அந்த ஆண்டு இறுதிப் போட்டித் தொடரில் நியூ ஜெர்சிக்கு எதிராக ஆட்டத்துக்கு 36.3 புள்ளிகள். அதற்கு முந்தைய ஆண்டு இறுதித் தொடரில் எதிரே நின்ற டிக்கெம்பே முடோம்போ, அந்த சீசனின் சிறந்த தடுப்பாளர் விருதைப் பெற்றவர். அவர் மேலேயே 33 புள்ளிகளும் 15.8 ரீபவுண்டுகளும் (தவறிய வீச்சுகளில் பிடித்த பந்துகள்) சராசரி. ஸோன் வந்ததால் ஷாக் சிறுத்துப்போனார் என்று எவரும் சொல்ல முடியாது.

இன்றைக்கு ஸோன் தடுப்பு இருக்கிறதே தவிர, அதை நடத்துவதற்கான ஆட்கள் பெயிண்ட்டுக்கு (வளையத்தடியில் கோடிட்ட பகுதிக்கு) அருகில் இல்லை என்பதுதான் விளையாட்டு எனக்குக் காட்டிய முதல் பாடம். 1999-2000 சீசனில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் வீசிய த்ரீ பாயிண்ட்டுகள் ஏறத்தாழ 14; 2022-23-ல் அது 34. வீசுபவர்கள் கோட்டுக்கு வெளியே நின்றால், அவர்களைக் காப்பவர்களும் வெளியேதான் நிற்க வேண்டும். லேக்கர்ஸ் அணியை அப்படியே எடுத்தால் பவர் ஃபார்வர்டாக வருபவர் ஹோரஸ் கிராண்ட். நல்ல வீரர், ஆனால் அவர் வீசக்கூடிய எல்லை பதினைந்து பதினெட்டு அடி. அவரைக் காக்கும் ஆரோன் கார்டன் இரண்டே எட்டில் ஷாக் மேல் வந்து விழுந்தார். கிராண்ட்டை உட்கார வைத்து ராபர்ட் ஹாரியைக் கொண்டுவந்து மூலையில் நிறுத்தினேன். கார்டன் இப்போது தயங்கினார். தயங்கிய அந்த அரை நொடியில் ஷாக் திரும்பிவிட்டார். தயங்காமல் வந்தபோது பந்து மூலைக்குப் போனது. ஒரே ஒரு ஆளை மாற்றியதற்கு இவ்வளவு வேறுபாடு என்றால், நான்கு பேரும் வெளியிலிருந்து வீசத் தெரிந்தவர்களாக இருக்கும் இன்றைய அணியின் நடுவில் ஷாக்குக்கு எவ்வளவு வெற்றிடம் கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் விளையாடிய காலத்தில் அப்படிப்பட்ட வெற்றிடம் அவருக்குக் கிடைத்ததே இல்லை.

இதற்கு நிகழ்காலத்திலேயே சாட்சி உண்டு. ஸையன் வில்லியம்சன் 2020-21-ல் பெரும்பாலும் வளையத்துக்குக் கீழேயே எறிந்து, ஆட்டத்துக்கு 27 புள்ளிகளை 61 சதவீதத் துல்லியத்தோடு எடுத்தார். யானிஸ் அன்டெடோகும்போ, நம்பகமான த்ரீ பாயிண்ட் இல்லாமலேயே சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி விருதுகள் இரண்டையும், 2021 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் 50 புள்ளிகளையும் எடுத்துக் காட்டினார். தன் வாழ்நாளில் 22 த்ரீ பாயிண்ட் முயற்சிகளில் ஒன்றை மட்டுமே போட்ட ஷாக்குக்கும் அது ஒரு குறையாக இருந்திராது. வெளியிலிருந்து வீசத் தெரியாதவருக்கு இடமில்லை என்ற கூற்றை, தாக்குதல் பக்கத்தைப் பொறுத்தவரை, நான் முழுமையாக மறுக்கிறேன்.

ஆனால் பந்து கைமாறியதும் கதை வேறு.

டென்வரின் ஜமால் மர்ரி பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டி வருகிறார். யோகிச் மேலே ஏறி வந்து ஸ்க்ரீன் வைக்கிறார், அதாவது மர்ரியைக் காப்பவரின் வழியில் உடம்பால் மறித்து நிற்கிறார். டெரெக் ஃபிஷர் அதில் மாட்டிக்கொள்ள, ஷாக் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். விளையாட்டின் தடுப்பு அமைப்புகளில் இந்தக் கட்டத்துக்கென்றே தனித் தேர்வுகள் இருக்கின்றன. சென்டர் பின்வாங்கி நிற்கலாம், முன்னேறி மறிக்கலாம், ஆளை மாற்றிக்கொள்ளலாம். முதலில் பின்வாங்கி நிற்கச் செய்தேன். மர்ரி ஸ்க்ரீனைச் சுற்றியதும் எதிரே வெறுமை. நின்ற இடத்திலிருந்தே வீசினார், போய் விழுந்தது. அடுத்த முறை ஷாக்கை முன்னேற்றினேன். யோகிச் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நழுவி, பந்தை வாங்கி, ஒன்று தானே மெதுவாக மிதக்கவிட்டார் அல்லது மூலையில் நின்ற மைக்கேல் போர்ட்டருக்கு அனுப்பினார். ஆளை மாற்றிக்கொண்டபோது, 24 அடி தொலைவில் மர்ரியின் எதிரே தனியாக நின்ற ஷாக்கைப் பார்க்க எனக்கே மனம் பொறுக்கவில்லை. மூன்று வழியிலும் ஒவ்வொரு விலை. அதில் மலிவானது எது என்று தேடுவதிலேயே இரண்டு மூன்று வாரங்கள் போயின.

இது விளையாட்டு வடிவமைத்தவர்களின் கற்பனை அல்ல, வரலாறும் இதையே சொல்கிறது. 1997-ல் யூட்டா அணி லேக்கர்ஸை 4-1 என்று வெளியேற்றியது. 1998 மேற்குப் பிரிவு இறுதியில் 4-0. அந்த அணியின் அன்றாட ஆயுதம் ஜான் ஸ்டாக்டனும் கார்ல் மலோனும் ஆடிய பிக் அண்ட் ரோல் (ஒருவர் ஸ்க்ரீன் வைத்துவிட்டு வளையத்தை நோக்கி நழுவுவது)தான், ஷாக்கை வளையத்தை விட்டு மேலே இழுத்த ஆட்டம் அது. ஸ்டாக்டனும் மலோனும் கோட்டுக்கு வெளியே பெரிதாக வீசாமலே அதைச் செய்தார்கள். அதே ஆட்டத்தை, 27 அடியிலிருந்தும் வீசக்கூடிய, பந்தைக் கொண்டுவரும் கார்டு வீரர்களைக் கொண்டு, இரவுக்கிரவு முப்பது அணிகளும் ஆடுகிற காலம் இது. பந்து கடத்தத் தெரிந்த உயரமான சென்டரும் ஷாக்குக்குப் புதிதல்ல; அர்விதாஸ் சபோனிஸ், விளாதே டிவாட்ஸ் இருவரையும் அவர் எதிர்கொண்டவர்தான். காயங்களோடு 30 வயதுக்கு மேல் என்பிஏவுக்கு வந்து சேர்ந்த சபோனிஸ் இடம்பெற்ற போர்ட்லேண்ட் அணி, 2000 மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் நான்காம் கால்பகுதியில் 15 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம், இளமையில் முழு உடல்நலத்தோடு இருந்த சபோனிஸை ஷாக் எதிரே காண நமக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று ஆதங்கமாக இருக்கும்.

ஃபவுலுக்கு ஈடாகத் தடுப்பாரின்றி எறியும் ஃப்ரீ த்ரோ விஷயத்தை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் கணக்கைப் போடுவதில்லை. ஷாக்கின் வாழ்நாள் ஃப்ரீ த்ரோ விகிதம் 52.7 சதவீதம். வேண்டுமென்றே ஃபவுல் செய்து அவரைக் கோட்டுக்கு அனுப்பினால், இரண்டு எறிதல்களில் அவர் அணிக்குச் சராசரியாகக் கிடைப்பது 1.05 புள்ளி. 2000-ஆம் ஆண்டு வாக்கில் என்பிஏ அணிகள் பந்து கையில் இருந்த ஒவ்வொரு முறைக்கும் சராசரியாக எடுத்ததே ஏறத்தாழ 1.04தான். அதாவது ஊரே பேசிய ‘ஹாக் எ ஷாக்’ உத்தி, அன்றைய கணக்கில் எதிரணிக்குப் பெரிய லாபம் எதையும் தரவில்லை. 2000 இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் இந்தியானா அணி அவரை 39 முறை எறிய வைத்தது. அவர் 18 போட்டார், லேக்கர்ஸ் வென்றது. இன்றோ அணிகள் ஒவ்வொரு முறைக்கும் சுமார் 1.15 புள்ளி எடுக்கின்றன. மற்றவர்களின் தாக்குதல் வளர்ந்துவிட்டதால், அதே 52.7 சதவீதம் இன்று உண்மையான நஷ்டமாகிவிடுகிறது. அன்று வீணாய்ப்போன உத்தி இன்று பலிக்கும். 2016-17 முதல், ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் பந்தில்லாதவரை வேண்டுமென்றே பிடித்தால் ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் பிடிக்கப்பட்டவரின் அணிக்கே என்று விதி வந்திருக்கிறது. அது இறுதி நேரத்தைக் காப்பாற்றும், நடு நேரத்தைக் காப்பாற்றாது.

இந்த இடத்தில் விளையாட்டின் இயல்பான ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கையில் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும்போது, ஃப்ரீ த்ரோ என்பது ஷாக்கின் மணிக்கட்டோடு என் கட்டைவிரலும் சேர்ந்து எறிவது. நேரம் பார்த்து விடுவிக்கப் பழகிவிட்டால், அவர் தன் வாழ்நாளில் எறியாத அளவுக்கு நன்றாக எறிகிறார். ஆகவே நான் முடிவுக்கு வருவதற்காக ஆடும் ஆட்டங்களில் இரு அணிகளையும் கணினியிடமே விட்டுவிட்டு, நடுவர்போல் உட்கார்ந்து பார்க்கிறேன். அதேபோல், கால்பகுதி நேரத்தை முழு 12 நிமிடங்களாக வைத்துக்கொள்வதும் முக்கியம். குறுகிய ஆட்டத்தில் ஷாக் களைப்பதே இல்லை. முழு நேர ஆட்டத்தில் மேலும் கீழும் ஓடி, ஒவ்வொரு முறையும் ஸ்க்ரீனை எதிர்கொள்ள மேலே ஏறி இறங்கி, நான்காம் கால்பகுதியில் அவர் இடுப்பில் கைவைத்து நிற்கும்போதுதான் கேள்விக்குரிய நியாயமான விடை தெரியத் தொடங்குகிறது. 1999-2000-ல் அவர் ஆட்டத்துக்கு 40 நிமிடங்கள் ஆடினார். இன்றைய ஓட்டத்தில் 33, 34 நிமிடங்களே அவருக்கு உகந்தவை என்பது என் மதிப்பீடு.

‘ஈராஸ்’ பகுதிக்கு நான் நிறைய மதிப்பெண் தருவேன், ஆனால் வேறு காரணத்துக்காக. 1983-ல் தொடங்கினால் படமே பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பைப்போல் மங்கலாக வருகிறது. ஆட்டத்தில் த்ரீ பாயிண்ட் அரிதாகத்தான் பறக்கிறது. ஆண்டுகள் நகர நகர அணிகள் ஆடும் விதமும் விதிகளும் மெல்ல மாறுவதை உள்ளிருந்தே பார்க்கலாம். விதிகளுக்கும் சென்டர்களுக்கும் உள்ள உறவு நீண்டது. ஜார்ஜ் மைக்கனுக்காக 1951-ல் பெயிண்ட்டை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். வில்ட் சேம்பர்லெய்ன் வந்தபின் 1964-ல் 16 அடியாக்கினார்கள். வில்ட் ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள் எடுத்த 1961-62 சீசன், அந்த 12 அடிக் காலத்தைச் சேர்ந்தது. 1971-72 லேக்கர்ஸ் அணியில் வில்ட்டும் இந்த விளையாட்டில் உண்டு. ஆனால் அது அவருடைய பிற்காலம், அதை வைத்து அவரை எடைபோட எனக்கு மனமில்லை. ‘ஈராஸ்’ 1991 தொடக்கத்தை எடுத்து ஓராண்டு ஓட்டினால், அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 1992 தேர்வில் இருபது வயது ஷாக் வந்து நிற்கிறார். வரலாற்றில் ஆர்லாண்டோ எடுத்த அவரை, இங்கே அதிர்ஷ்டம் இருந்தால் எந்த அணியும் எடுக்கலாம். அந்த இளம் ஷாக், லேக்கர்ஸ் ஷாக்கைவிட மெலிந்தவர், ஓடக்கூடியவர். இன்றைய ஆட்டத்துக்கு எந்த ஷாக்கைக் கொண்டுவருவீர்கள் என்று என்னைக் கேட்டால், லேக்கர்ஸோடு மூன்று கோப்பை வென்ற ஷாக்கை விட்டுவிட்டு இவரைத்தான் கொண்டுவருவேன். ஸ்க்ரீனுக்கு மேலே ஏறித் திரும்பி ஓடி வரும் கால்கள் அவரிடம்தான் இருந்தன.

வாங்கலாமா என்றால், பழைய ஆட்டத்தையும் புதிய ஆட்டத்தையும் ஒருசேர நேசிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். முதல்முறையாகக் கூடைப்பந்து விளையாட்டு ஒன்றைத் தொடுபவர்களுக்குத் தடுப்பு அமைப்புகளைப் புரிந்துகொள்ளப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் டங்க் மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் ஷாக் 40 எடுப்பார் என்ற கட்சியிலேயே கடைசிவரை இருந்துவிடுவார்கள். வயது, எடை, நடுவர்களின் விசில் ஆகிய மூன்றையும் எந்தக் காணொளி விளையாட்டும் முழுமையாக எண்ணாக்கிவிட முடியாது, இதுவும் ஆக்கவில்லை. ஆயினும் ஒன்றை மாற்றாமல் வைத்து மற்றொன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் வசதி, இந்த வாதத்தை இத்தனை ஆண்டுகளாக நடத்திவரும் நமக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

இப்போது நான் ஆடும் முறை இது. யோகிச்சைக் காக்கும் பொறுப்பை ஹாரியிடம் கொடுத்துவிட்டு, ஷாக்கை ஆரோன் கார்டன்மேல் நிறுத்துகிறேன். கார்டன் வெளியிலிருந்து வீசுவதைவிட வளையத்தருகே ஒளிந்து நிற்பதையே விரும்புபவர், ஆகவே ஷாக்கும் வளையத்தருகிலேயே இருக்க முடிகிறது. யோகிச் ஹாரியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது எதிரே ஷாக் காத்திருக்கிறார். விளையாட்டு வெளிவந்த சில மாதங்களில், 2023 மே மாத மேற்குப் பிரிவு இறுதியில், உண்மையான லேக்கர்ஸ் அணியே ரூயி ஹச்சிமுராவை யோகிச்மேல் போட்டு, ஆன்டனி டேவிஸை இப்படிப் பின்னால் நிறுத்திப் பார்த்தது. அவர்கள் அந்தத் தொடரை 4-0 என்று தோற்றார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நேற்று ஆடிய ஆட்டத்தில் இந்த அமைப்போடு நான்காம் கால்பகுதி வரை வந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும்போது, அருகில் காக்க ஆள் இல்லாமல் பெயிண்ட்டுக்குள் மூன்று நொடிக்குமேல் நின்றதாக ஷாக்கின்மேல் விசில் விழுந்தது. கார்டன் சத்தமில்லாமல் மூலைக்கு நகர்ந்துவிட்டிருந்தார், நான் கவனிக்கவில்லை. அடுத்த முறை மர்ரி பந்தோடு வரும்போது ஷாக்கை மூலைவரை அனுப்புவதா, வளையத்தடியிலேயே நிறுத்துவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.